ரேடாருக்குத் தப்பும் துகள்கள்



பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், கண்ணுக்கும் ரேடாருக்கும் அகப்படாமல் பறந்துகொண்டிருக்கும் துகள்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. அவற்றை எப்படி எண்ணுகிறார்கள், எதற்காக எண்ண வேண்டும், அந்த வேலையில் நம் நாட்டின் பங்கு என்ன என்பதுதான் பொருள். இயற்பியல் படிக்காதவர்களும் அவையில் இருக்கிறீர்கள். சமன்பாடு ஒன்றும் எழுதப் போவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அங்கே இரண்டு வகைத் துகள்கள் உண்டு. முதல் வகை இயற்கை தந்தது. வால்நட்சத்திரங்கள் சூரியனை நெருங்கும்போது உதிர்த்தவை, குறுங்கோள்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடிந்தவை. இவற்றை ஒன்றொன்றாகப் பார்க்க முடியாவிட்டாலும் மொத்தமாகப் பார்க்கலாம். கொடைக்கானல் போன்ற மலையூரில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில், அமாவாசையை ஒட்டிய நாளில் பொழுது விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து கிழக்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து கூம்பு போல ஒரு மங்கல் ஒளி எழுந்து நிற்கும். விடியப் போகிறது என்றே தோன்றும். அது விடியல் அல்ல. கோள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் தூசியில் பட்டுச் சிதறுகிற சூரிய வெளிச்சம். குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கு அது சரிந்து கிடந்து அடிவானப் புகையில் மறைந்துவிடும். வெப்பமண்டலத்தில் இருக்கும் நமக்கு நிமிர்ந்து எழும். வாய்ப்புக் கிடைக்கும்போது தவறவிடாதீர்கள்.

இந்தத் தூசி நாள்தோறும் பூமியின் மேல் பெய்துகொண்டிருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் விடை ஒன்றாக இல்லை. 1993 இல் லவ், பிரவுன்லீ என்ற இருவர், விண்வெளியிலிருந்து திரும்பிவந்த உலோகத் தகடுகளில் இருந்த குழிகளை எண்ணி, ஆண்டுக்கு 40,000 டன் என்றார்கள்; அதிலும் 20,000 டன் கூடவோ குறையவோ செய்யலாம் என்றார்கள். அன்டார்டிகாவின் கான்கார்டியா நிலையத்தருகே பனியை வெட்டி, உருக்கி, வடிகட்டி, நுண்ணிய விண்கற்களைப் பொறுக்கி எண்ணிய ஆய்வுக் குழு 2021 இல் வெளியிட்ட கணக்கு ஆண்டுக்கு 5,200 டன். முதல் கணக்கு காற்றுமண்டலத்துக்கு மேலே எடுத்தது. இரண்டாவது வழியில் எரிந்து ஆவியானது போக எஞ்சித் தரைக்கு வந்தது. ஆவியானதன் அடையாளமும் மேலே இருக்கிறது. ஏறத்தாழ 90 கி.மீ. உயரத்தில் சோடியம் அணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று பூமியைச் சுற்றி இருக்கிறது. பெரிய தொலைநோக்கிகள் மஞ்சள் லேசர் கதிரைப் பாய்ச்சிச் செயற்கை விண்மீன் உண்டாக்கிக்கொள்வது அந்தப் படலத்தில்தான். அந்தச் சோடியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது விண்தூசி.

இரண்டாவது வகை நாம் போட்டது. ராக்கெட் உடம்பிலிருந்து உரிந்த பெயின்ட் செதில், வெப்பக் காப்பு உறையின் கிழிசல், திட எரிபொருள் எரிந்த பின் கக்கிய அலுமினிய ஆக்சைடு மணிகள், சோவியத் அணு உலைச் செயற்கைக்கோள்களிலிருந்து கசிந்து உருண்டையான உலோகத் துளிகள், வெடித்த கலங்களின் சில்லுகள் என்று பட்டியல் நீளும். 1 மி.மீ. முதல் 1 செ.மீ. வரையுள்ள துண்டுகள் மட்டும் 13 கோடிக்குக் குறையாது என்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணினி மாதிரி சொல்கிறது. கணினி மாதிரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். யாரும் அவற்றை உட்கார்ந்து எண்ணவில்லை. தெரிந்த வெடிப்புகளை எல்லாம் கணினியில் மறுபடி வெடிக்கவைத்து, சில்லுகளைப் பறக்கவிட்டு, அங்கங்கே கிடைத்த சில அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. அளவீடு எந்த உயரத்தில், எந்தப் பருமனில் குறைவோ, அங்கே மாதிரியின் கால் தரையில் ஊன்றவில்லை.

ஒரு மில்லிமீட்டர் துணுக்கு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒரு மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருண்டையின் எடை 1.4 மில்லிகிராம். தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் இரண்டு பொருள்கள் மோதிக்கொள்ளும் வேகம் சராசரியாக நொடிக்கு 10 கி.மீ. பெருக்கிப் பார்த்தால் இயக்க ஆற்றல் 70 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை இரண்டு மாடி உயரத்திலிருந்து போட்டு, அதன் அடி முழுவதும் ஒரு குண்டூசித் தலையளவு இடத்தில் இறங்கினால் எப்படியோ அப்படி. செயற்கைக்கோளின் மேலுறையையும் அதன் பின்னால் ஓடும் மின்கம்பியையும் துளைக்க அது போதும்.

துளைத்திருக்கிறது. 1983 ஜூனில் பறந்த சேலஞ்சர் விண்ணோடத்தின் முன்கண்ணாடியில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு குழி விழுந்தது. குழியின் அடியில் ஒட்டியிருந்ததை ஆராய்ந்தபோது டைட்டானியம் கிடைத்தது. மோதியது பெயின்ட் செதில். கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்ட் 23 அன்று ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ செயற்கைக்கோளில் திடீரென்று மின்சாரம் சற்றுக் குறைந்தது. கலத்தின் நிலையும் லேசாகப் பிறழ்ந்தது. ஏவியபோது சோலார் தகடு விரிவதைப் பார்ப்பதற்காகப் பொருத்தியிருந்த சிறு கேமராவை மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். தகட்டில் 40 செ.மீ. அகலத்துக்குச் சேதம். மோதியது சில மில்லிமீட்டர் அளவுள்ள ஏதோ ஒன்று. அந்தக் கேமரா இல்லாதிருந்தால் காரணம் தெரியாத மின்கோளாறு என்று பதிந்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படிப் பதிந்து மூடிய கோப்புகளில் எத்தனை உண்மையில் துகள் மோதியவை என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பத்து செ.மீ.க்கு மேற்பட்டவற்றை ரேடார் பின்தொடர்ந்து பெயரும் எண்ணும் கொடுத்துவிடும். வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் செயற்கைக்கோளை விலக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஹேஸ்டாக் போன்ற வலிமையான ரேடார்கள், வானத்தின் ஒரு புள்ளியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்து, அதைக் கடக்கும் சில மில்லிமீட்டர் துண்டுகளைக்கூட எண்ணும். பின்தொடர முடியாது, எண்ணிக்கை மட்டும். 3 மி.மீ.க்குக் கீழே போனால் அதுவும் நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், விண்வெளிக்குப் போய்த் திரும்பிய பரப்புகளில் இருக்கும் குழிகளை எண்ணி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள துகள்கள் வரை ஓரளவு சொல்லலாம். அதைவிடப் பெரியவை அரிதாகவே படுவதால் அந்தப் பரப்புகளில் போதிய எண்ணிக்கையில் அகப்படவில்லை. ஆக 0.1 மி.மீ.க்கும் 3 மி.மீ.க்கும் இடையே ஓர் இருட்டு. ஆளில்லாச் செயற்கைக்கோள்களைத் துளைத்துச் செயலிழக்கவைப்பதில் முதலிடம் இந்த இருட்டில் இருக்கும் துகள்களுக்குத்தான். கூடவே இன்னொரு குறை. விண்ணோடங்கள் போய் எடுத்துவந்த பரப்புகள் எல்லாம் 600 கி.மீ. அளவிலோ அதற்குக் கீழேயோ இருந்தவை. நெரிசல் மிகுந்த 700 முதல் 1,000 கி.மீ. வரையுள்ள உயரத்திலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. 2011 இல் விண்ணோடங்களும் ஓய்வுபெற்றன.

பார்க்க முடியாததை, எடுத்துவந்து ஆராயவும் முடியாததை, எப்படி அளப்பது? ஒரு பரப்பை அங்கே நிறுத்தி, அதன் மேல் அடி விழக் காத்திருந்து, விழுந்த நொடியைக் குறித்துக்கொள்வதுதான் வழி.

இந்த எண்ணம் விண்வெளிக் காலத்தோடு பிறந்தது. 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-1, 14 கிலோ எடையுள்ள சின்னஞ்சிறு செயற்கைக்கோள். வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்தைக் கண்டுபிடித்த கலம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதன் உடம்புச் சுவரில் ஒட்டியிருந்த மைக்ரோஃபோனைப் பற்றிப் புத்தகம் சொல்லாது. தூசி மோதும் ஓசையைக் கேட்பதற்காக வைத்தது அது. கூடவே, துகள் பட்டால் அறுந்துபோகும் கம்பிச் சட்டங்களும் இருந்தன. அடுத்தடுத்துப் போன கலங்களிலும் இத்தகைய மைக்ரோஃபோன்கள் இருந்தன. அவை கேட்ட ஓசைகள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. பூமியைச் சுற்றித் தனியே ஒரு தூசி மேகம் இருப்பதாகவே முடிவு கட்டினார்கள். வால்நட்சத்திர ஆய்வில் தலைசிறந்தவரான ஃபிரெட் விப்பிள் 1961 இல் அந்த மேகத்தைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்.

அந்த மைக்ரோஃபோன்கள் எப்படிக் கேட்டன என்று தெரிந்துகொள்ள இந்த மேசையைப் பாருங்கள். இங்கே இருப்பது ஒரு பீசோ வில்லை. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பஸ்ஸருக்குள் இருக்கும் வட்டத் தகடு. ஒரு சிறு பெருக்கியின் வழியாக அலைக்காட்டியோடு இணைத்திருக்கிறோம். திரையில் கோடு அசையாமல் கிடக்கிறது. இப்போது ஒரே ஒரு ரவைத் துணுக்கை ஒரு சாண் உயரத்திலிருந்து போடுகிறேன். கோடு வெடுக்கென்று எழுந்து அடங்குவதைப் பார்த்தீர்கள். விண்தூசியை அளக்கும் கருவியின் அடிப்படை இவ்வளவுதான். அடுத்து, ஒன்றும் போடப் போவதில்லை. மேசை விளக்கைப் பொருத்தி வில்லையின் மேல் திருப்புகிறேன். கோடு மெல்ல மேலே நகர்கிறது. விளக்கை விலக்கினால் கீழே இறங்குகிறது. எதுவும் மோதவில்லை. வெப்பம் மாறியது, வில்லை மின்னழுத்தம் தந்தது. பீசோ பொருள்கள் பலவற்றின் இயல்பு அது.

செயற்கைக்கோள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் போய்வருகிறது. 1966 இல் நில்சன் என்ற ஆய்வாளர், அதே வகை மைக்ரோஃபோன்களை ஆய்வகத்தில் வைத்துச் சூடேற்றியும் குளிரவைத்தும் பார்த்தார். தூசியே இல்லாத அறையில் அவை தூசி மோதியதாகச் சொல்லின. பூமியின் தூசி மேகம் பெரும்பாலும் கலைந்துபோனது அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டில், 1965 இல், பெகாசஸ் என்ற மூன்று செயற்கைக்கோள்கள் 29 மீட்டர் நீளத்துக்குச் சிறகு விரித்து, துகள் துளைத்தால் மின்னிறக்கம் ஆகும் தகடுகளால் எண்ணின. நிலவுக்குப் போகும் கலத்தின் சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தெரிந்தாக வேண்டிய காலம் அது. பெகாசஸின் எண்ணிக்கை மைக்ரோஃபோன்களின் எண்ணிக்கைக்கு வெகு கீழே இருந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே இருக்கும் மாணவர்களில் யாராவது இத்தகைய கருவி செய்ய முனைந்தால், உழைப்பில் பாதிக்கு மேல் துகளைப் பிடிப்பதில் போகாது; துகள் அல்லாததைக் கழிப்பதில்தான் போகும். அதற்கு நான் மிக விரும்பும் எடுத்துக்காட்டு நியூ ஹொரைசன்ஸ் கலத்தில் இருக்கிறது. புளூட்டோவைக் கடந்துபோன அந்தக் கலத்தில் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்துக் கட்டிய தூசி எண்ணி ஒன்று உண்டு. நாசாவின் கோள் ஆய்வுக் கலம் ஒன்றில் மாணவர்கள் செய்த முதல் கருவி. 1930 இல் புளூட்டோ என்ற பெயரைச் சொன்ன 11 வயதுச் சிறுமி வெனீஷியா பர்னியின் பெயரை அதற்கு வைத்தார்கள். நிரந்தரமாக மின்முனைப்பு ஏற்றிய பிளாஸ்டிக் படலத்தில் துகள் குழி பறித்தால், அந்த இடத்தின் மின்முனைப்பு போய் ஒரு துடிப்பு கிடைக்கும். அப்படிப்பட்ட படலங்கள் 14. எல்லாம் சேர்ந்தும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பதினான்கில் 12 வெளியே தூசியை எதிர்கொள்கின்றன. மீதி 2, துகள் படவே முடியாதபடி பின்பக்கம் மறைவாக வைக்கப்பட்டவை. மறைந்திருக்கும் இரண்டிலும் துடிப்பு வந்தால் அது கலத்தின் அதிர்வு, கருவியின் இரைச்சல். அதைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம். அந்த நம்பிக்கையில்தான், புளூட்டோவுக்கு வெகு அப்பாலும் எதிர்பார்த்ததைவிடத் தூசி அதிகம் இருக்கிறது என்று 2024 இல் அந்தக் குழுவால் எழுத முடிந்தது.

நேரத்தைக் குறிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1984 ஏப்ரலில் விண்ணோடம் ஒன்று எல்டெஃப் என்ற, ஒரு பேருந்தளவு பெரிய உருளையைச் சுற்றுப்பாதையில் விட்டுவந்தது. ஓராண்டில் எடுத்துவரத் திட்டம். சேலஞ்சர் விபத்து குறுக்கிட்டதால் 1990 ஜனவரியில்தான் எடுத்துவந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு ஆண்டு அடிவாங்கிய பரப்பு, ஆயிரக்கணக்கான குழிகள். முதலில் சொன்ன 40,000 டன் கணக்கு அதிலிருந்து வந்தது. ஆனால் ஒரு குழி எந்த நாளில், எந்த நேரத்தில் விழுந்தது என்று குழி சொல்லாது. அதே உருளையில் ஒரே ஒரு சோதனை மட்டும் அடி விழுந்த நேரத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. அந்தப் பதிவைப் பார்த்தபோது துகள்கள் சீராக வரவில்லை என்று தெரிந்தது. சுற்றுப்பாதையின் ஒரே இடத்தில், சுற்றுக்குச் சுற்று, கொத்தாக வந்திருந்தன. ஏதோ ஒரு கலம் விட்டுச்சென்ற தூசி ஓடையை உருளை மறுபடி மறுபடி கடந்திருக்கிறது. ஆறாண்டுக் குழிகள் மொத்தமும் சொல்லாத செய்தி அது.

2000 ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று சீன ராக்கெட் ஒன்றின் மேலடுக்கு சுற்றுப்பாதையில் வெடித்தது. அப்போது ஆர்கோஸ் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் சிகாகோ பல்கலைக்கழகத்தாரின் ஸ்பாடஸ் என்ற தூசிக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. வெடிப்புக்குப் பின் அதில் மோதல்கள் கூடின. ரேடாரால் காண முடியாத அளவுச் சில்லுகள் இன்ன வெடிப்பிலிருந்து வந்தவை என்று ஒரு சிறு கருவி காட்டிக்கொடுத்தது.

பருமனை அளப்பதற்கு ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிக் படலத்தின் மேல், 100 மைக்ரானுக்கு ஒன்று வீதம், 50 மைக்ரான் அகலமுள்ள மின்கோடுகளை வரிசையாக அச்சிடுகிறார்கள். நம் தலைமுடியின் தடிமனை ஒத்த கோடுகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஓடுகிறதா என்று கருவி மாறி மாறிச் சோதித்துக்கொண்டே இருக்கும். துகள் துளைத்தால் அந்த இடத்தில் அடுத்தடுத்த கோடுகள் அறுந்துபோகும். ஐந்து கோடு அறுந்திருந்தால் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வெயிலோ குளிரோ கோட்டை அறுக்காது. ஆகவே பொய் எண்ணிக்கைக்கு இடம் குறைவு. 2015 இல் ஜப்பானின் சரக்குக் கலம் ஒன்றில் வைத்து இதைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு 22 கிலோ எடையில் ஐடியா ஓஎஸ்ஜி-1 என்ற செயற்கைக்கோளை இந்த ஒரே வேலைக்காகக் கட்டினார்கள். இருட்டு என்று நான் சொன்ன அதே இடைவெளிக்காக. 2017 நவம்பர் 28 அன்று ரஷ்யாவின் வஸ்தோச்னி தளத்திலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் மேலடுக்கு வழிதவறியதில் கலம் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே நாசாவின் ஒரு சதுர மீட்டர் துகள் உணரி பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. மூன்றாண்டு ஓட வேண்டிய கருவி 26 நாளில் செயலிழந்தது. இரண்டு நல்ல கருவிகள், அடுத்தடுத்து. அதனால்தான் இந்த இடைவெளி இன்னும் இடைவெளியாகவே கிடக்கிறது.

இனி நம் பக்கம் வருகிறேன்.

2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி3 கிளம்பியது. நமது டெஸ், ஜெர்மனியின் பேர்ட், ஐரோப்பிய விண்வெளி முகமையின் புரோபா ஆகிய மூன்று செயற்கைக்கோள்களையும் சுற்றுப்பாதையில் சேர்த்தது. புரோபா 94 கிலோ. அதன் உடம்பில் ஃபின்லாந்தில் செய்த டெபி என்ற கருவி இருந்தது. உள்ளங்கையளவு, 10 செ.மீ. சதுரம் கொண்ட இரண்டு உணரிகள். முன்னால் மெல்லிய அலுமினியத் தாள். துகள் மோதினால் எழும் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற ஆவியை, மின்கம்பிகள் பிடிக்கும், தாளின் அதிர்வை பீசோ உணரி பிடிக்கும். இரண்டும் ஒரே கணத்தில் பேசினால் அது துகளாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சிறு செயற்கைக்கோளில் வைத்துத் துகள் எண்ணும் முயற்சிகளில் முன்னோடியான ஒன்றை ஏற்றிச்சென்றது நம் ராக்கெட் என்பது பெருமைக்குரியது.

அதே ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, வேலை முடிந்து மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 19 அன்று வெடித்துச் சிதறியது. ரேடாரில் பட்டுப் பட்டியலில் ஏறிய துண்டுகளே 300க்கும் மேல். பட்டியலில் ஏறாத சிறு துகள்கள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. துகள் எண்ணும் கருவியைக் கொண்டுபோய் விட்ட கையோடு அதே உயரத்தில் துகளையும் கொட்டிவிட்டோம். இதை மறைக்க வேண்டியதில்லை. அன்று வேறு நாடுகளின் ராக்கெட்டுகளும் வெடித்துக்கொண்டிருந்தன. நான்காம் அடுக்கு திரவ எரிபொருளில் ஓடுவது. எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். தொட்டிகளில் மிச்சம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் ஆபத்து. அடுத்த ஏவுதலான பி.எஸ்.எல்.வி.-சி4 முதல், வேலை முடிந்ததும் மிச்சத்தை வெளியேற்றித் தொட்டிகளைக் காலிசெய்யும் முறையை இஸ்ரோ கொண்டுவந்தது.

2022 முதல் அந்தக் காலியான அடுக்குக்கு இன்னொரு வேலையும் வந்தது. சோலார் தகடும் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தி, சில வாரங்கள் பரிசோதனை மேடையாக ஓடவிடுகிறார்கள். போயம் என்று பெயர். 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் என்ற எக்ஸ் கதிர் ஆய்வுக்கோளை 650 கி.மீ. உயரத்தில் விட்ட பி.எஸ்.எல்.வி.-சி58 இன் நான்காம் அடுக்கு, பிறகு 350 கி.மீ.க்கு இறக்கப்பட்டது. அதில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்த டெக்ஸ் என்ற கருவி இருந்தது. எடை 3 கிலோ. செலவழிக்கும் மின்சாரம் 4.5 வாட்; ஒரு சின்ன எல்இடி பல்புக்கு ஆகும் மின்சாரம். அதிவேகத் துகள் மோதும்போது எழும் பிளாஸ்மாவின் மின்னேற்றத்தை அது அளக்கிறது. பிப்ரவரி 9 வரை ஓடி, சராசரியாக 1,000 நொடிக்கு ஒரு மோதலைப் பதிவுசெய்தது. பதினேழு நிமிடத்துக்கு ஒன்று. இந்தியாவிலேயே உருவான முதல் விண்தூசிக் கருவி இது. போயம் மேடை மார்ச் 21 அன்று காற்றுமண்டலத்தில் நுழைந்து பசிபிக் கடலுக்கு மேல் எரிந்தது. அந்த ஏவுதல் சுற்றுப்பாதையில் எந்தக் குப்பையும் விட்டுவைக்கவில்லை.

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 350 கி.மீ. உயரம் பொறுப்பான உயரம். அங்கே மெல்லிய காற்று எதையும் நெடுநாள் தங்கவிடாது. குப்பை தானே விழுந்து எரிந்துவிடும். அதனாலேயே அங்கே குப்பைத் துகள் குறைவு. வால்நட்சத்திரத் தூசியை எண்ண அது நல்ல இடம். நமக்கு விடை தெரியாத ஆபத்து இருப்பது 700 கி.மீ.க்கு மேலே. அங்கே கருவியை அனுப்பினால், கருவி தாங்கும் கலமே வேலை முடிந்ததும் பல பத்தாண்டு சுற்றும் குப்பையாகிவிடும். ஆகவே அங்கே போகும் எண்ணிக் கலம் தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு போக வேண்டும். 2030 முதல் குப்பையில்லா ஏவுதல் என்று இஸ்ரோ அறிவித்திருக்கிறது. அளவீட்டுக்காக அதில் விலக்குக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணுவதற்கென்று தனிக்கலம் அனுப்பாமல், வேறு வேலைக்குப் போகும் ஒவ்வொரு கலத்தையும் எண்ணவைப்பது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 20 கிலோ எடையுள்ள டெக்னோசாட் 2017 இல் போனபோது, அதன் சோலார் தகட்டுக்குப் பின்னாலேயே ஜெர்மன் விண்வெளி மையத்தார் உணர்கம்பிகளைப் பதித்திருந்தார்கள். துகள் தகட்டைத் துளைத்தால் கம்பி அறும். தகடு எப்படியும் போகத்தான் போகிறது. அதன் பரப்பே உணரிப் பரப்பாகிவிட்டது. ஆஸ்திரியாவின் ஆட்லர்-1, 2022 இல் போன காலணிப் பெட்டியளவுக் கலம், பீசோ உணரிகளோடு ஒரு குட்டி ரேடாரையும் வைத்துக்கொண்டது. டெக்சாஸ் மாணவர்களின் எண்ணிக் கலமான அர்மடில்லோவும் இதே அளவுதான்.

பல்கலைக்கழகச் செயற்கைக்கோள் நமக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 இல் பறந்தது. சத்யபாமா, நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகங்களின் கலங்கள் 2016, 2017 ஆம் ஆண்டுகளில் போயின. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் சிறு ராக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தென்திசையில் கடலுக்கு மேலாக நேரே துருவச் சுற்றுப்பாதைக்குப் போகலாம். ஏவுதல் பெருகினால் துகளும் பெருகும். அங்கிருந்து போகும் ஒவ்வொரு கலத்திலும், ஒவ்வொரு போயம் மேடையிலும், ஒரே அளவுள்ள, ஒரே முறையில் தரப்படுத்திய எளிய எண்ணி ஒன்று இருக்க வேண்டும் என்பது நான் முன்வைக்கும் கோரிக்கை. எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும். நேரக் குறிப்பு வேண்டும், மறைவில் வைத்த ஒப்பீட்டு உணரி ஒன்று வேண்டும், தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஏவும் முன் ஒவ்வொரு வகை உணரியையும் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் துகள் எறிந்து சோதிக்க வேண்டும். அதற்கான தூசி முடுக்கிகள் உலகில் மிகச் சிலவே, அவற்றில் ஒன்றை நம் நாட்டில் அமைப்பது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை.

ஒரு கணக்கோடு நிறுத்துகிறேன். சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குப் பரப்புள்ள எண்ணி ஓராண்டு சுற்றுகிறது. ஒரு மில்லிமீட்டர் துகள் ஒன்றுகூடப் படவில்லை. மாணவர் மனமுடைந்து, கருவி எதையும் அளக்கவில்லை என்று எழுதுவார். அளந்திருக்கிறது. புள்ளியியல்படி, உண்மைச் சராசரி மூன்றாக இருந்தால் எண்ணிக்கை பூஜ்யமாக அமைய வாய்ப்பு நூற்றில் ஐந்துதான். ஆகவே அந்த உயரத்தில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 30 துகளுக்கு மேல் இல்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். இந்த வரம்பு தளர்வானது, அதனால் தனியே பயன்படாது. இதே கருவி நூறு கலங்களில் போய், நூறும் பூஜ்யம் என்று வந்தால், வரம்பு 0.3 ஆக இறங்குகிறது. கணினி மாதிரிகளைத் திருத்தும் இடத்துக்கு அது வந்துவிடும். நூறில் இரண்டு மூன்று கலங்களில் அடி விழுந்தால் மேல்வரம்பு மட்டுமல்ல, உண்மையான அளவே கையில் கிடைக்கும். அந்தக் கணக்கு நிறைவேற, ஒன்றும் படாத மற்ற தொண்ணூற்றேழு கலங்களின் பதிவுகளும், எந்தப் பரப்பு, எத்தனை நாள், எந்த உயரம் என்ற விவரத்தோடு, வெளியிடப்பட்டிருக்க வேண்டும்.